இரண்டாவது த்ரெட் பிறக்கும் முன்: லைப்ரரிகளைப் பத்திரமாகத் துவக்கும் வழி

பல த்ரெட்டுகள் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலை ஓட்டங்கள்) உள்ள நிரல்களை எழுதத் தொடங்கும் எவரும் சீக்கிரமே ஒரு வகைக் கோளாறைச் சந்திப்பார்கள். நிரல் வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு நாள், தொடங்கிய அரை நொடிக்குள் விழுந்துவிடும். மறுபடி ஓட்டினால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். விழுந்த இடத்தைத் தேடிப் போனால் அது நாம் எழுதிய வரியாக இருக்காது. நாம் பயன்படுத்தும் லைப்ரரி ஒன்றின் ஆழத்தில், பெயர்கூடக் கேள்விப்படாத ஏதோ ஒரு ஃபங்ஷனாக இருக்கும். உடனே பழி லைப்ரரியின்மீது விழும். பெரும்பாலும் அது வீண்பழி. அந்த லைப்ரரியைத் துவக்க வேண்டிய நேரத்தில், துவக்க வேண்டிய விதத்தில் துவக்கியிருக்க மாட்டோம்.

இதற்கான வழிமுறையை, இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: லைப்ரரியைத் துவக்குவது முழு நிரலுக்கும் பொதுவான வேலை. அதை மெயின் ஃபங்ஷனின் தொடக்கத்தில், இரண்டாவது த்ரெட் பிறக்கும் முன்பே முடித்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டுகளும், ஒரு வேலையை ஒரே தடவை நடக்கவிடும் 'ஒருமுறை மட்டும்' வசதிகளும் அப்படிச் செய்ய வழியே இல்லாத இடங்களுக்காக இருப்பவை. புதியவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் பூட்டைத் தேடிப் போகிறார்கள்.

துவக்கத்தின்போது உள்ளே நடப்பது

துவக்க ஃபங்ஷனை அழைப்பது ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் நடக்கும் வேலை கொஞ்சமல்ல. கணக்கிடத் தேவையான அட்டவணைகள் நினைவகத்தில் நிரப்பப்படும். சீரற்ற எண்களுக்கான விதை திரட்டப்படும். சூழல் மாறிகள் படிக்கப்படும். சில லைப்ரரிகள் சிக்னல்களை (இயங்குதளம் நிரலுக்கு அனுப்பும் அறிவிப்புகளை) கையாளும் முறையையே மாற்றி அமைக்கும். விண்டோஸில் நெட்வொர்க் வேலை செய்யும் லைப்ரரியாக இருந்தால் அங்குள்ள நெட்வொர்க் இடைமுகமான வின்சாக்கைத் தயார்செய்யும். இவை எல்லாமே ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) முழுவதற்கும் பொதுவான இடங்களில் கைவைக்கும் வேலைகள். எந்த த்ரெட் அழைத்தது என்பது அங்கே கணக்கில் வராது.

இன்னொன்றும் நடக்கிறது. ஒரு லைப்ரரி தான் சார்ந்திருக்கும் மற்ற லைப்ரரிகளையும் சேர்த்தே துவக்கும். இதற்கு லிப்கர்ல் நல்ல உதாரணம். இணையத்தில் தரவைப் பெறவும் அனுப்பவும் பயன்படும் இந்த சி லைப்ரரியில் 'கர்ல் குளோபல் இனிட்' என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. நிரலில் வேறு எந்த த்ரெட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது இதை அழைக்கவே கூடாது என்று அதன் கையேடு பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தது. லிப்கர்லைப் பயன்படுத்தும் த்ரெட்டுகளுக்கு மட்டுமான விதி அல்ல அது. லிப்கர்ல் என்றால் என்னவென்றே அறியாத த்ரெட்டுகளுக்கும் சேர்த்துத்தான் சொன்னார்கள்.

முதல்முறை படிக்கும்போது இது அளவுக்கு மீறிய எச்சரிக்கையாகத் தெரியும். காரணத்தைப் பாருங்கள். அந்தத் துவக்கம் உள்ளே போய் மறையாக்க லைப்ரரி ஒன்றையும் துவக்கலாம். அந்த லைப்ரரியின் துவக்கமும் த்ரெட்டுகளுக்குப் பாதுகாப்பற்றதாக இருக்கலாம். இதற்கிடையே உங்கள் நிரலின் வேறொரு மூலையில், வேறொரு த்ரெட், அதே மறையாக்க லைப்ரரியை நேரடியாகத் துவக்கிக்கொண்டிருக்கலாம். நீங்கள் கர்ல் அழைப்பைச் சுற்றி ஒரு பூட்டுப் போட்டிருந்தாலும் பயனில்லை. அந்த இன்னொரு த்ரெட்டுக்கு உங்கள் பூட்டைப் பற்றி எதுவும் தெரியாது. பூட்டு ஒரு கதவைத்தான் காக்கும், இங்கே மோதல் வேறு கதவு வழியாக வருகிறது. மெயினின் தொடக்கத்திலேயே துவக்கத்தை முடித்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் முதல் காரணம். மற்ற த்ரெட்டுகளே இல்லாத நேரத்தில் மோதுவதற்கு யாரும் இல்லை.

மோதலைக் கிட்டத்தில் பார்ப்போம்

புதியவர் ஒருவர் இயல்பாக எழுதக்கூடிய நிரல் துண்டு இது:

    துவங்கிவிட்டதா = இல்லை

    தயார்_செய்():
        துவங்கிவிட்டதா == இல்லை எனில்:
            லைப்ரரியைத்_துவக்கு()
            துவங்கிவிட்டதா = ஆம்

எந்த த்ரெட்டும் லைப்ரரியைப் பயன்படுத்தும் முன் இதை அழைக்கலாம் என்பது எண்ணம். ஒரே த்ரெட் இருந்தால் இதில் குறையே இல்லை. இப்போது 'அ', 'ஆ' என்று இரண்டு த்ரெட்டுகள் சேர்ந்து வருகின்றன. 'அ' கொடியை ('துவங்கிவிட்டதா' என்ற மாறியை) பார்க்கிறது: இல்லை. நிபந்தனைக்குள் நுழைகிறது. அந்த நொடியில் இயங்குதளம் 'அ'வை நிறுத்திவிட்டு 'ஆ'வை ஓடவிடுகிறது. 'ஆ'வும் கொடியைப் பார்க்கிறது: இன்னும் இல்லைதான். அதுவும் உள்ளே நுழைகிறது. இரண்டும் லைப்ரரியைத் துவக்குகின்றன. ஒன்று நிரப்பிக்கொண்டிருக்கும் அட்டவணையை மற்றொன்று காலிசெய்து மீண்டும் ஒதுக்குகிறது. முதலாவதின் கையில் இருக்கும் முகவரி செல்லாததாகிறது. சில மைக்ரோ நொடிகள் மட்டுமே திறந்திருக்கும் இடைவெளி இது. அதனால்தான் சோதனையில் சிக்குவதில்லை. உண்மையான சுமை ஏறும்போது வெளிப்படுகிறது.

கொடியை முதலில் 'ஆம்' என்று மாற்றிவிட்டுப் பிறகு துவக்கினால் சரியாகிவிடுமே என்று சிலர் வரிகளை இடம் மாற்றுவார்கள். இரட்டைத் துவக்கத்துக்கான இடைவெளி சற்றுச் சுருங்கும், முற்றிலும் மூடாது. கூடவே இன்னும் மோசமான ஒன்று வந்து சேரும். 'அ' துவக்கிக்கொண்டிருக்கும்போதே 'ஆ' வந்து கொடியைப் பார்த்து, எல்லாம் தயார் என்று நம்பி, பாதி கட்டிய லைப்ரரியைப் பயன்படுத்தத் தொடங்கும். இரட்டைத் துவக்கத்திலாவது நிரல் பெரும்பாலும் விழுந்துவிடும், கோளாறு இருப்பது தெரிந்துவிடும். பாதித் துவக்கத்தில் அமைதியாகத் தவறான விடை வரலாம்.

முதல் வடிவத்திலும் மறைந்திருக்கும் ஓர் ஆபத்து உண்டு. கம்பைலரும் செயலியும் எழுதிய வரிசையிலேயே எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'துவக்கு' என்பதன் விளைவுகள் நினைவகத்தில் சேர்வதற்கு முன்பே 'ஆம்' என்ற மதிப்பு மற்ற த்ரெட்டின் கண்ணில் படலாம். எக்ஸ்86 செயலிகள் இந்த விஷயத்தில் ஓரளவு கண்டிப்பானவை, எழுதும் வரிசையைப் பெரும்பாலும் காப்பாற்றும். ஆர்ம் செயலிகள் அந்த உறுதியைத் தருவதில்லை. பல ஆண்டுகளாக மேசைக்கணினியில் ஓடிய நிரல் ஆர்ம் கணினிக்கு மாறியதும் தள்ளாடத் தொடங்கினால், இந்த மாதிரி இடங்களை முதலில் பாருங்கள். சி, சி++ மொழிகளில் கொடிக்கு முன்னால் 'வாலடைல்' என்று சேர்ப்பது இதற்கு மருந்தாகாது. அந்தச் சொல் த்ரெட்டுகளுக்கு இடையிலான வரிசையைப் பற்றி எந்த உறுதியும் தருவதில்லை.

படி 1: கையேட்டில் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள்

'த்ரெட்-சேஃப்' (பல த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் அழைத்தாலும் பாதுகாப்பானது) என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்துவிட்டு நகராதீர்கள். துவக்கம், பயன்பாடு, முடிப்பு ஆகிய மூன்றுக்கும் விதி தனித்தனியாக இருக்கும். துவக்கத்தை எந்த த்ரெட்டிலிருந்தும் அழைக்கலாமா? துவக்கிய பிறகு ஒரே ஹேண்டிலை (லைப்ரரியுடன் பேச அது தரும் கைப்பிடியை) இரண்டு த்ரெட்டுகள் பகிரலாமா, ஒவ்வொன்றும் தனக்கென ஒன்று வைத்துக்கொள்ள வேண்டுமா? முடிக்கும்போது மற்ற த்ரெட்டுகள் நின்றிருக்க வேண்டுமா?

விடைகள் லைப்ரரிக்கு லைப்ரரி மாறும். எஸ்கியூலைட் என்ற தரவுத்தள லைப்ரரியில் துவக்க ஃபங்ஷன் த்ரெட்டுகளுக்குப் பாதுகாப்பானது, மூடும் ஃபங்ஷன் பாதுகாப்பற்றது. அமைப்புகளை மாற்றும் 'கான்ஃபிக்' ஃபங்ஷனும் பாதுகாப்பற்றது, அதன் பெரும்பாலான அமைப்புகளைத் துவக்கத்துக்கு முன்பே சொல்லியாக வேண்டும். ஃபூரியே உருமாற்றத்துக்குப் பயன்படும் எஃப்எஃப்டிடபிள்யூவில் கணக்கை ஓட்டும் ஃபங்ஷனை எத்தனை த்ரெட்டுகளும் ஒரே நேரத்தில் அழைக்கலாம், ஆனால் அந்தக் கணக்குக்கான திட்டத்தை உருவாக்கும் ஃபங்ஷன்களை அப்படி அழைக்கக் கூடாது. மைஎஸ்கியூஎல்லின் சி லைப்ரரியில் 'இனிட்' அழைப்பு தேவைப்பட்டால் பொதுத் துவக்கத்தைத் தானாகவே செய்துகொள்ளும். வசதியாகத்தான் இருக்கிறது. அந்தப் பொதுத் துவக்கம் த்ரெட்டுகளுக்குப் பாதுகாப்பானது அல்ல என்பதால், த்ரெட்டுகளை உருவாக்கும் முன் அதை நீங்களே அழைத்துவிட வேண்டும் என்று கையேடு சொல்கிறது. தானாக நடக்கும் துவக்கங்களிடம் எப்போதும் இந்தச் சந்தேகம் இருக்கட்டும். எந்த த்ரெட்டில், எந்த நேரத்தில் அது நடக்கும் என்பது உங்கள் கையில் இல்லை.

பதிப்பு எண்ணையும் பாருங்கள். மறையாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் 2016-இல் வெளியிட்ட 1.1.0 பதிப்புக்கு முன்பு, பல த்ரெட்டுகளில் அதைப் பயன்படுத்த வேண்டுமென்றால் பூட்டு ஃபங்ஷன்களை நிரலாளரே எழுதி அதனிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. 1.1.0 முதல் அது தன்னைத் தானே துவக்கிக்கொள்கிறது, பூட்டுகளையும் தானே பார்த்துக்கொள்கிறது. ஜிலிப் என்ற சி லைப்ரரியில் த்ரெட் வசதியைத் தனியாகத் துவக்கும் தேவை 2012-இல் வந்த 2.32 பதிப்போடு ஒழிந்தது. லிப்கர்ல் 2022-இல் வெளியான 7.84.0 பதிப்பிலிருந்து, உரிய வசதிகள் உள்ள கணினிகளில், தன் பொதுத் துவக்கத்தைத் த்ரெட்டுகளுக்குப் பாதுகாப்பானதாக மாற்றிக்கொண்டது. உங்கள் கையில் இருக்கும் கட்டமைப்பில் அந்தப் பாதுகாப்பு இருக்கிறதா என்பதை அதன் பதிப்புத் தகவலில் உள்ள ஒரு கொடி சொல்லும். இணையத்தில் கிடைக்கும் பழைய விடைகள் இந்த மாற்றங்களுக்கு முன்பு எழுதப்பட்டவையாக இருக்கலாம். உங்கள் நிரல் எந்தப் பதிப்போடு இணைகிறதோ அந்தப் பதிப்பின் கையேடுதான் கணக்கு.

கையேடு எதுவுமே சொல்லவில்லை என்றால் பாதுகாப்பற்றது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: மெயினின் முதல் வரிகளை இதற்கென ஒதுக்குங்கள்

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் சூழல் மாறிகளையும் மொழி-வட்டார அமைப்பையும் மாற்ற வேண்டுமென்றால் மாற்றுங்கள். இவை இரண்டும் ப்ராசஸ் முழுவதையும் பாதிப்பவை. ஒரு த்ரெட் சூழல் மாறியை எழுதும்போது இன்னொன்று படித்தால் நிரல் விழக்கூடும், படிப்பவர் உங்கள் நிரலாக இல்லாமல் ஏதோ ஒரு லைப்ரரியாகவும் இருக்கலாம். அடுத்து லைப்ரரிகளின் அமைப்புகள். அதன்பின் துவக்க அழைப்புகள், எது எதைச் சார்ந்திருக்கிறதோ அந்த வரிசையில். கடைசியாகத்தான் த்ரெட்டுகள்.

ஒவ்வொரு துவக்கத்தின் விடையையும் சோதியுங்கள். தோல்வியடைந்தால் அங்கேயே தெளிவான பிழைச்செய்தி எழுதிவிட்டு நிரலை நிறுத்துங்கள். இன்னும் ஒரே த்ரெட்தான் ஓடுகிறது, நிறுத்துவதற்கு இதைவிட எளிய தருணம் பிறகு கிடைக்காது. துவக்கம் தோற்றதைக் கவனிக்காமல் பத்து த்ரெட்டுகளைப் பிறப்பித்துவிட்டால், பத்தும் பத்து விதமாக விழும்.

இப்படிச் செய்யும்போது மற்ற த்ரெட்டுகளில் எந்தப் பூட்டும் தேவையில்லை. இது பலருக்கு நம்பிக்கையாக இருப்பதில்லை. மெயின் எழுதி வைத்ததைப் புதிய த்ரெட் கட்டாயம் பார்க்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்பார்கள். உத்தரவாதம் இருக்கிறது. த்ரெட்டை உருவாக்கும் செயலே ஓர் எல்லைக்கோடு. உருவாக்குவதற்கு முன் நடந்த எழுத்துகள் எல்லாம் உருவான த்ரெட்டுக்குத் தெரியும் என்று பாசிக்ஸும் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரநிலை), சி++, ஜாவா மொழிகளின் நினைவக விதிகளும் உறுதி தருகின்றன. அதன்பின் அந்த மதிப்புகளை யாரும் மாற்றாதவரை, எத்தனை த்ரெட்டுகள் வேண்டுமானாலும் பூட்டின்றிப் படிக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். "நான் இன்னும் த்ரெட் எதையும் உருவாக்கவில்லை" என்பதும் "நிரலில் வேறு த்ரெட் இல்லை" என்பதும் ஒன்றல்ல. பதிவுக்குறிப்பு எழுதும் லைப்ரரி பின்னணியில் ஒரு த்ரெட்டைத் தொடங்கியிருக்கலாம். அளவீடுகளை அனுப்பும் லைப்ரரியும் அப்படியே. வரைகலை இடைமுகச் சட்டகங்கள் பலவும் தங்களுக்கென்று த்ரெட்டுகள் வைத்துக்கொள்கின்றன. சி++ மொழியில் பொது மாறிகளின் கன்ஸ்ட்ரக்டர்கள் மெயினுக்கு முன்பே ஓடும், அவற்றில் ஒன்று த்ரெட்டை உருவாக்கினால் மெயினின் முதல் வரி வரும்போதே காலம் கடந்துவிட்டது. சந்தேகம் இருந்தால் டீபக்கரில் மெயினின் முதல் வரியில் நிறுத்தி, த்ரெட்டுகளின் பட்டியலைக் கேளுங்கள். லினக்ஸில் அந்த ப்ராசஸின் 'டாஸ்க்' அடைவைத் திறந்து பார்த்தாலும் தெரியும். த்ரெட் ஒன்றுக்கு ஓர் உள்ளடைவு அங்கே இருக்கும்.

படி 3: மெயின் உங்கள் கையில் இல்லையென்றால்

நீங்கள் எழுதுவதே ஒரு லைப்ரரியாக இருக்கலாம். அல்லது வேறொரு நிரலுக்குள் ஏறும் செருகுநிரலாக இருக்கலாம். அப்போது மெயின் உங்களுடையது அல்ல. இங்கேதான் 'ஒருமுறை மட்டும்' வசதி வேண்டும். இதை நீங்களாக எழுதாதீர்கள். ஒவ்வொரு மொழியும் சோதித்துப் பார்த்த வடிவம் ஒன்றை ஏற்கெனவே வைத்திருக்கிறது.

சி மொழியில் பாசிக்ஸ் தரும் 'பித்ரெட் ஒன்ஸ்' இருக்கிறது. விண்டோஸில் 'இனிட் ஒன்ஸ் எக்ஸிக்யூட் ஒன்ஸ்'. முதலில் வந்த த்ரெட் துவக்கத்தைச் செய்யும், மற்றவை அது முடியும்வரை காத்திருந்து, முடிந்ததும் நகரும். கொடியோடு நாம் எழுதிய நிரல் துண்டில் இல்லாதது இந்தக் காத்திருப்புதான். 'பித்ரெட் ஒன்ஸ்'-க்குக் கொடுக்கும் ஃபங்ஷன் எந்த மதிப்பையும் வாங்காது, எதையும் திருப்பித் தராது. அப்படியானால் துவக்கம் தோற்றால் எப்படித் தெரியும்? விடையை வைக்க ஒரு நிலை மாறியை ஒதுக்குங்கள். துவக்க ஃபங்ஷன் அதில் பிழை எண்ணை எழுதட்டும். 'பித்ரெட் ஒன்ஸ்' திரும்பிய பிறகு ஒவ்வொரு த்ரெட்டும் அந்த மாறியைப் படிக்கட்டும். இப்படிச் செய்யாமல் விட்டால், முதல் த்ரெட்டுக்கு மட்டும் தோல்வி தெரியும், மற்றவை எல்லாம் நன்றாக நடந்ததாக நினைத்துக்கொண்டு முன்னேறும்.

சி++ மொழியில் 2011-ஆம் ஆண்டுத் தரநிலை முதல், ஃபங்ஷனுக்குள் அறிவிக்கும் ஸ்டாட்டிக் மாறி ஒரே ஒருமுறைதான் துவக்கப்படும், எத்தனை த்ரெட்டுகள் சேர்ந்து நுழைந்தாலும். பெரும்பாலான தேவைக்கு இதுவே போதும். கூடுதல் கட்டுப்பாடு வேண்டுமென்றால் 'கால் ஒன்ஸ்' உண்டு. துவக்கம் எக்ஸெப்ஷன் எறிந்தால், நடந்ததாகக் கணக்கில் வராது, அடுத்து வரும் த்ரெட் மீண்டும் முயலும். கோ மொழியின் 'சிங்க் ஒன்ஸ்' இதற்கு நேர்மாறு. உள்ளே பேனிக் (கோ மொழியில் ஓட்டத்தைக் குலைக்கும் பிழை) ஏற்பட்டாலும் முடிந்ததாகவே கொள்ளும், மறுமுயற்சி கிடையாது. ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர்கள் இந்த வேறுபாட்டில் தடுக்கி விழுகிறார்கள். ரஸ்டில் 1.70 பதிப்பு முதல் 'ஒன்ஸ்லாக்', 1.80 முதல் 'லேஸிலாக்' ஆகியவை மொழியின் சொந்த லைப்ரரியிலேயே இருக்கின்றன.

ஜாவாவில் ஒரு கிளாஸைத் துவக்கும் பொறுப்பை இயந்திரமே ஏற்றுக்கொள்கிறது. அதனால் துவக்க வேண்டிய பொருளை உள்ளே ஒரு சிறிய கிளாஸின் ஸ்டாட்டிக் மாறியாக வைத்துவிட்டால், அந்தக் கிளாஸை முதலில் தொடும் த்ரெட் அதை உருவாக்கும், மற்றவை காத்திருக்கும். பழைய நூல்களில் காணும் 'இரட்டைச் சோதனைப் பூட்டு' முறை, அதாவது பூட்டுக்கு வெளியே ஒருமுறையும் உள்ளே ஒருமுறையும் கொடியைப் பார்ப்பது, ஜாவாவின் பழைய நினைவக விதிகளின்கீழ் உடைந்தே இருந்தது. 2004-இல் வந்த ஜாவா 5 விதிகளைத் திருத்திய பிறகு, மாறியை 'வாலடைல்' என்று அறிவித்தால் அது சரியாக வேலை செய்யும். (சி, சி++ மொழிகளின் 'வாலடைல்' வேறு, ஜாவாவின் 'வாலடைல்' வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இருந்தாலும் உள்-கிளாஸ் முறையில் தவறு செய்ய வாய்ப்பு குறைவு என்பதால் நான் அதையே சொல்வேன்.

பைத்தானில் மாட்யூலின் மேல்மட்ட வரிகள் முதல் இம்போர்ட்டின்போது ஒருமுறை ஓடும், மாட்யூலுக்கென்று ஒரு பூட்டு அதைக் காக்கும். ஆகவே துவக்கத்தை அங்கே வைப்பது பாதுகாப்பு. "ஜில் இருக்கிறதே, எனக்கென்ன கவலை" என்று ஒரு ஃபங்ஷனுக்குள் 'இல்லையென்றால் உருவாக்கு' என்று எழுதுவதுதான் ஆபத்து. பைத்தானின் பொதுப் பூட்டான ஜில், சோதனைக்கும் உருவாக்கத்துக்கும் நடுவில் த்ரெட் மாறுவதைத் தடுப்பதில்லை. ஃபங்ஷனின் விடைகளைச் சேமித்து வைக்கும் 'எல்ஆர்யு கேஷ்' அலங்கரிப்பான் போட்டாலும் முதல் அழைப்பு முடிவதற்குள் இன்னொரு த்ரெட் வந்தால் ஃபங்ஷன் இரண்டு முறை ஓடக்கூடும். அங்கே ஒரு சாதாரணப் பூட்டு போடுங்கள்.

எந்த மொழியானாலும் ஒன்றை மறக்காதீர்கள். 'ஒருமுறை' என்ற வேலிக்குள் ஓடும் ஃபங்ஷன், சுற்றி வளைத்து அதே வேலியைத் திரும்பத் தொடக் கூடாது. தொட்டால் தன்னைத் தானே எதிர்பார்த்துக் காத்திருந்து அப்படியே உறைந்துவிடக்கூடும். நேரடியாக யாரும் இப்படி எழுதமாட்டார்கள். துவக்கத்துக்குள் ஒரு பதிவுக்குறிப்பு எழுத, அந்தப் பதிவு லைப்ரரி உங்கள் லைப்ரரியைக் கேட்க, இப்படித்தான் வட்டம் மூடும். ஜாவாவில் இரண்டு கிளாஸ்கள் ஒன்றின் துவக்கத்தில் மற்றொன்றைத் தொட்டு, இரண்டு த்ரெட்டுகள் இரு முனைகளிலிருந்தும் நுழைந்தால் இதே உறைவு நடக்கும். விண்டோஸில் டிஎல்எல் எனப்படும் லைப்ரரிக் கோப்பு ஏற்றப்படும்போது ஓடும் டிஎல்எல்-மெயினுக்குள் துவக்க வேலைகளைச் செய்ய ஆசை வரும். அங்கே ஏற்றியின் பூட்டு உங்கள் கையில் இருக்கும்போது வேறொரு டிஎல்எல்லை ஏற்றுவதும் த்ரெட்டுக்காகக் காத்திருப்பதும் உறைவுக்கு வழி. துவக்கத்தைத் தனி ஃபங்ஷனாகவே வெளியே கொடுங்கள்.

படி 4: இருவர் ஒரே லைப்ரரியைப் பயன்படுத்தினால்

உங்கள் நிரல் லிப்கர்லை நேரடியாகப் பயன்படுத்துகிறது. நீங்கள் சேர்த்த இன்னொரு லைப்ரரியும் உள்ளுக்குள் லிப்கர்லைப் பயன்படுத்துகிறது. யார் துவக்குவது, யார் முடிப்பது? லிப்கர்லில் எத்தனை முறை துவக்கினோமோ அத்தனை முறை முடிக்க வேண்டும் என்பது விதி. உள்ளே எண்ணிக்கை வைத்துக்கொள்வதால், ஒருவர் முடித்தாலும் மற்றவரின் பயன்பாடு கெடாது. இந்த எண்ணிக்கை எல்லா லைப்ரரிகளிலும் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். எண்ணிக்கை இல்லாத லைப்ரரியை மெயின் மட்டுமே துவக்கட்டும், மெயின் மட்டுமே முடிக்கட்டும்.

நீங்கள் லைப்ரரி எழுதுபவராக இருந்தால் ஒரு வேண்டுகோள். ப்ராசஸ் முழுவதையும் பாதிக்கும் எதையும் உங்கள் துவக்கத்தில் ஓசையின்றி மாற்றாதீர்கள். சிக்னல் கையாளும் முறை, வட்டார அமைப்பு, வேறொரு லைப்ரரியின் பொது அமைப்புகள் எல்லாம் நிரலை எழுதுபவருக்குச் சொந்தமானவை. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இதைவிட நல்லது, பொது நிலையே இல்லாமல் வடிவமைப்பது. எல்லாத் தகவலையும் ஒரு சூழல் பொருளுக்குள் வைத்து, பயன்படுத்துபவர் அதை உருவாக்கிக் கையில் வைத்துக்கொள்ளும்படி செய்துவிட்டால், இந்தக் கட்டுரையில் சொல்லும் பாதிப் பிரச்சினைகள் உங்கள் பயனர்களைத் தொடவே தொடாது.

படி 5: த்ரெட்டுக்குத் த்ரெட் தனித் துவக்கம்

சில லைப்ரரிகளில் பொதுத் துவக்கத்தோடு, ஒவ்வொரு த்ரெட்டிலும் ஒரு சிறு துவக்கமும் உண்டு. விண்டோஸில் நிரல் கூறுகள் ஒன்றையொன்று அழைக்க உதவும் காம் வசதியைப் பயன்படுத்தும் ஒவ்வொரு த்ரெட்டும் 'கோ-இனிஷியலைஸ்' அழைக்க வேண்டும், முடியும்போது அதன் இணையையும் அழைக்க வேண்டும். சி நிரலில் பிறந்த த்ரெட் ஜாவா இயந்திரத்துடன் பேச வேண்டுமென்றால் முதலில் தன்னை அதனுடன் இணைத்துக்கொள்ள வேண்டும். த்ரெட் குழாம் (பணிகளைப் பகிர்ந்து செய்ய முன்கூட்டியே உருவாக்கிய த்ரெட்டுகளின் தொகுப்பு) வைத்திருந்தால் இதைப் பணிக்குள் எழுதாதீர்கள், தொழிலாளி த்ரெட்டின் தொடக்கத்தில் எழுதுங்கள். பணி ஒவ்வொன்றும் எந்த த்ரெட்டில் ஓடும் என்று உங்களால் சொல்ல முடியாது.

படி 6: ஃபோர்க் செய்யும் நிரல்கள்

யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஃபோர்க் அழைத்தால் ப்ராசஸின் நகல் ஒன்று பிறக்கும்; அந்தச் சேய் ப்ராசஸில், அழைத்த த்ரெட் மட்டுமே உயிரோடு இருக்கும். மற்ற த்ரெட்டுகள் மறைந்துவிடும், அவை பிடித்திருந்த பூட்டுகள் மட்டும் பூட்டிய நிலையிலேயே தங்கிவிடும். திறக்க வேண்டியவர் இல்லாததால் அவை என்றுமே திறக்காது. ஆகவே பாசிக்ஸ் விதி கறாரானது: பல த்ரெட்டுகள் உள்ள நிரல் ஃபோர்க் செய்தால், சேய் வேறொரு நிரலாக மாறும் 'எக்ஸெக்' வரை, சிக்னலுக்குள் அழைத்தாலும் பாதுகாப்பான ஒரு சில ஃபங்ஷன்களை மட்டுமே அழைக்கலாம். லைப்ரரியைத் துவக்குவதெல்லாம் அந்தப் பட்டியலில் வராது.

நடைமுறையில் இதை இப்படிக் கையாளுங்கள்: சேய்களைப் பிறப்பிக்க வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் முதலில் பிறப்பியுங்கள், பிறகு ஒவ்வொரு சேயும் தன் லைப்ரரிகளைத் தானே துவக்கிக்கொள்ளட்டும். திறந்த தரவுத்தள இணைப்பையோ நெட்வொர்க் இணைப்பையோ ஃபோர்க்கைத் தாண்டிக் கொண்டுபோகாதீர்கள். எஸ்கியூலைட் இதை வெளிப்படையாகவே தடை செய்கிறது. பைத்தானின் 'மல்டிபிராசஸிங்' லினக்ஸில் நெடுங்காலம் ஃபோர்க்கையே இயல்பாக வைத்திருந்தது. இந்தச் சிக்கல்களின் காரணமாகவே 3.14 பதிப்பில் அந்த இயல்பு 'ஃபோர்க்சர்வர்' முறைக்கு மாறியது.

படி 7: முடிப்பது

முதலில் த்ரெட்டுகள் எல்லாம் முடியட்டும், அவற்றுக்காகக் காத்திருங்கள், அதன்பின் முடிப்பு ஃபங்ஷன்களைத் துவக்கிய வரிசைக்குத் தலைகீழாக அழையுங்கள். தனித்து விடப்பட்ட த்ரெட் ஒன்று இன்னும் லைப்ரரிக்குள் இருக்கும்போது மெயின் திரும்பினால், வெளியேறும் நேரத்தில் ஓடும் துப்புரவு வேலைகள் அந்த த்ரெட்டின் காலடி நிலத்தைப் பறித்துவிடும். நிரல் வேலையெல்லாம் சரியாக முடித்துவிட்டு, கடைசி நொடியில் விழுவது இப்படித்தான். எல்லா த்ரெட்டுகளையும் நிறுத்த முடியாத நிலை இருந்தால் முடிப்பு ஃபங்ஷனை அழைக்காமல் விடுவதே மேல். ப்ராசஸ் போனதும் நினைவகத்தை இயங்குதளம் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

படி 8: சோதனை

கிளாங், ஜிசிசி இரண்டிலும் த்ரெட்சானிடைசர் இருக்கிறது. அதோடு கம்பைல் செய்து ஓட்டினால், இரண்டு த்ரெட்டுகள் ஒழுங்கின்றி ஒரே இடத்தைத் தொடும் தருணத்தை இரண்டு பக்கத்து அழைப்பு வரிசையோடும் காட்டும். ஓட்டம் பல மடங்கு மெதுவாகும், நினைவகமும் பல மடங்கு தேவைப்படும். தாங்கிக்கொள்ளுங்கள், பயனுண்டு. சோதிக்கும் லைப்ரரியும் இதே முறையில் கம்பைல் ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்குள் நடக்கும் மோதல்கள் பெரும்பாலும் கண்ணில் படாது. மூலநிரல் கிடைக்காத லைப்ரரிக்கு வால்கிரைண்டின் ஹெல்கிரைண்ட் உதவும். கோ மொழியில் இதே வசதி 'ரேஸ்' என்ற தேர்வோடு கூடவே வருகிறது. இவை எல்லாம் ஓடிய பாதையை மட்டுமே பார்க்கும், ஓடாத பாதையில் இருக்கும் பிழையைச் சொல்லாது.

அதனால் மோதலை வரவழைக்கும் சோதனையை நீங்களே எழுத வேண்டும். செயலியில் உள்ள கோர்களைவிட அதிகமான த்ரெட்டுகளை உருவாக்குங்கள். எல்லாவற்றையும் ஒரு தடுப்பில் நிறுத்திவைத்து, ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, லைப்ரரியின் முதல் அழைப்பைச் செய்யவையுங்கள். இதை ஒரு நிரலுக்குள் சுழலாகப் போட்டு ஆயிரம் முறை ஓட்டினால் பயனில்லை. துவக்கம் ப்ராசஸுக்கு ஒருமுறைதான் நடக்கும், முதல் சுற்றுக்குப் பிறகு மீதிச் சுற்றுகள் எதையும் சோதிப்பதில்லை. ஒவ்வொரு முறையும் புதிய ப்ராசஸாக ஓட்டும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, அதன் வெளியேறும் எண்ணைப் பதிந்துகொண்டே இரவு முழுக்க ஓடவிடுங்கள். முடிந்தால் ஓர் ஆர்ம் கணினியிலும் ஓட்டுங்கள்.